புதுசா திறந்த பக்கத்துக் கஃபேல காலை காபி: எல்லாரும் கேக்குற கேள்விகளும் பதிலும்

வீட்டுக்குப் பக்கத்துல புதுசா ஒரு கஃபே வந்தா காலைல நடந்து போய் ஒரு காபி குடிச்சிட்டு வரலாமேன்னு எல்லாருக்கும் தோணும், கூடவே நூறு சந்தேகமும் வரும். எங்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள இங்க ஒண்ணா போட்டிருக்கேன். எல்லா பதிலுக்கும் அடியில ஓடுற ஒரே விஷயம் இதுதான்: புதுக் கடையோட முதல் கப்ப வச்சு அந்தக் கடைய முடிவு கட்டாதீங்க, ஆனா கண்ணையும் மூக்கையும் திறந்து வச்சுக்கிட்டு போங்க.

திறந்த முதல் வாரமே போகலாமா, இல்ல கொஞ்ச நாள் விட்டுப் போகணுமா?

தாராளமா போங்க. ஆனா முதல் ரெண்டு மூணு வாரம் காபி ஒரு நாள் மாதிரி இன்னொரு நாள் இருக்காது, அதுக்குக் காரணம் இருக்கு. கிரைண்டருக்குள்ள இருக்குற அரைக்கிற பிளேடு புதுசா இருக்கும்போது தூள் ஒரே சீரா விழாது, பல கிலோ கொட்டை அரைச்ச பிறகுதான் அது ஒரு நிலைக்கு வரும். மெஷினும் புதுசு, ஆளுங்களும் ஒருத்தருக்கொருத்தர் புதுசு, யார் ஆர்டர் எடுக்கணும் யார் பால் சூடு பண்ணணும்னு இன்னும் கைபழகியிருக்காது. இதோட அந்த இடத்துத் தண்ணியும் ஒரு விஷயம். ஒரு கப் சாதாரண வடிச்ச கறுப்புக் காபில கிட்டத்தட்ட 98 சதவீதம் தண்ணிதான், அந்தத் தண்ணில கால்சியம் மெக்னீசியம் ரொம்ப கம்மியா இருந்தா காபி சப்புன்னு இருக்கும், ரொம்ப அதிகமா இருந்தா ருசி மந்தமாகி மெஷினுக்குள்ள உப்பும் படியும், குளோரின் வாசனை இருந்தா சொல்லவே வேணாம். சரியான ஃபில்டர் போட்டு அத செட் பண்றதுக்கே கடைக்காரங்களுக்கு நாளாகும். அதனால முதல் வாரம் போய்ட்டு சுமாரா இருந்துச்சுன்னா விட்டுடாதீங்க, ஒரு மாசம் கழிச்சு இன்னொரு தடவை எட்டிப் பாருங்க. அப்பவும் அதே குறை இருந்தா அது கடையோட குணம்னு எடுத்துக்கலாம்.

காலைல எத்தனை மணிக்கு போனா நல்லது?

கதவு திறந்த உடனே போனா இடம் கிடைக்கும், அமைதியா இருக்கும், ஆனா காபிக்கு அதுதான் நல்ல நேரம்னு சொல்ல முடியாது. தினமும் காலைல பாரிஸ்டா, அதாவது மெஷின்ல காபி போடுறவங்க, முதல்ல சில ஷாட் (ஒரு தடவை இறக்குற சின்ன அளவு காபி) போட்டு ருசி பார்த்து, தூள இன்னும் நைசா அரைக்கணுமா கொஞ்சம் கொரகொரப்பா அரைக்கணுமான்னு சரி பண்ணுவாங்க, அந்த ஷாட் எல்லாம் கீழதான் போகும். கொட்டைக்கு ஒரு நாள் வயசு கூடினாலும் காத்துல ஈரப்பதம் மாறினாலும் நேத்து வச்ச அளவு இன்னைக்கு ஒத்துவராது. நல்ல கடைல கதவு திறக்குறதுக்கு முன்னாடியே இத முடிச்சிருப்பாங்க, புதுக் கடைல சில சமயம் முதல் கஸ்டமர் வந்த பிறகுதான் நடக்கும். வேலைக்குப் போறவங்க கூட்டம் வர்ற நேரத்துல வரிசையும் அவசரமும் இருக்கும். நான் சொல்றது, அந்தக் கூட்டம் கலைஞ்ச பிறகு போங்க. மெஷின் நல்லா சூடாகி ஓடிக்கிட்டிருக்கும், ஆளுங்களுக்கும் உங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேச நேரம் இருக்கும்.

முதல் தடவை என்ன ஆர்டர் பண்றது?

சிரப், சாக்லேட், மேல க்ரீம் இதெல்லாம் இல்லாத ஏதாவது ஒண்ணு. கறுப்பா குடிப்பீங்கன்னா எஸ்பிரெஸோ இல்ல அமெரிக்கானோ, பால் வேணும்னா கேப்புச்சினோ. கேப்புச்சினோ சின்னக் கப், காபியும் பாலும் நுரையும் மூணுமே நாக்குல தெரியும், ஒண்ணு தப்பினாலும் மறைக்க முடியாது. பெரிய லாட்டேல காபி ருசி பாலுக்குள்ள மறைஞ்சிடும், சிரப் போட்டுட்டா கருகின கொட்டையா நல்ல கொட்டையான்னே தெரியாது. கூட யாராவது வந்தா ஒருத்தர் கறுப்பு, ஒருத்தர் பால்னு வாங்கி மாத்தி மாத்தி குடிச்சுப் பாருங்க, ஒரே நாள்ல கடையோட ரெண்டு பக்கமும் தெரிஞ்சிடும்.

மெனு பலகைல இருக்குற பேரெல்லாம் குழப்புது, சுருக்கமா சொல்ல முடியுமா?

முக்காவாசிக்கு அடிப்படை ஒண்ணே ஒண்ணு, எஸ்பிரெஸோ. நைசா அரைச்ச தூள அழுத்தி வச்சு, 90லேர்ந்து 96 டிகிரி சூட்டுல இருக்குற தண்ணிய சுமாரா 9 பார் அழுத்தத்துல உள்ள தள்ளி, 25லேர்ந்து 30 செகண்டுல இறக்குறது. அதுல வெந்நீர் சேர்த்தா அமெரிக்கானோ. ஆவில சூடாக்கின பாலும் நல்ல நுரையும் சேர்த்தா கேப்புச்சினோ, பால் அதிகம் நுரை கம்மின்னா லாட்டே, லாட்டேய விட சின்னக் கப்புல பட்டு மாதிரி மெல்லிசு நுரையோட காபி தூக்கலா இருந்தா ஃபிளாட் வைட், எஸ்பிரெஸோ மேல ஒரு துளி நுரைன்னா மக்கியாட்டோ. ஒவ்வொரு கடைலயும் கப் சைஸ் கொஞ்சம் மாறும், அதனால பேர மட்டும் பாக்காம எவ்வளவு பெரிய கப்புன்னு கேட்டுக்கோங்க.

போர் ஓவர்னு போட்டிருந்தா அது தனி வகை, பேப்பர் வழியா மெதுவா ஊத்தி வடிக்கிறது, மெஷின் அழுத்தம் கிடையாது. இந்தப் பேப்பர் ஃபில்டர ஜெர்மனில மெலிட்டா பென்ட்ஸ்னு ஒரு அம்மா 1908ல கண்டுபிடிச்சு பேட்டன்ட் வாங்கினாங்க, காபில மண்டி வராம இருக்க பையனோட நோட்டுல இருந்த ஒத்துத்தாள எடுத்து முயற்சி பண்ணினாங்களாம். வீட்டுல இருந்த ஒரு காகிதத்துலேர்ந்து இவ்வளவு பெரிய விஷயம் வந்தது எனக்கு இன்னைக்கும் ரொம்பப் பிடிச்ச செய்தி. கோல்ட் ப்ரூன்னா குளிர்ந்த தண்ணில பல மணி நேரம் ஊற வச்சது, ஐஸ் காபி வேற, ரெண்டும் ஒண்ணு இல்ல.

கடைக்காரங்க ஒழுங்கா வேலை பாக்குறாங்களான்னு எப்படி தெரிஞ்சுக்கிறது?

இதுக்கு கவுன்டர் பக்கத்துல ரெண்டு நிமிஷம் நின்னா போதும். முதல்ல பால் சூடு பண்ற ஆவிக் குழாய பாருங்க. ஒவ்வொரு தடவையும் பால் சூடாக்கின உடனே ஈரத் துணியால துடைச்சு, ஒரு புஸ் ஆவி வெளிய விடணும், அப்பதான் குழாய்க்குள்ள ஏறின பால் வெளிய வரும். அது மேல வெள்ளையா பால் காஞ்சு ஒட்டியிருந்தா அது பெரிய குறை, புதுக் கடைன்னு இதுக்கெல்லாம் மன்னிப்பு கிடையாது, இதுக்கு அனுபவம் வேணாம் அக்கறை இருந்தா போதும். அடுத்தது, மிஞ்சின சூடான பால மறுபடி சூடாக்கி அடுத்தவங்களுக்கு ஊத்துறாங்களான்னு பாருங்க, நுரையும் நிக்காது, இனிப்பும் போயிடும். தூள் போடுற கைப்பிடிய பழைய சக்கைய தட்டிட்டு துடைச்சு காய்ஞ்ச பிறகுதான் புதுத் தூள் போடணும். சின்னத் தராசு வச்சு தூளையும் இறங்குற காபியையும் எடை பாக்குறாங்கன்னா நல்ல அறிகுறி, 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காபிங்கிற மாதிரி ஒரு கணக்கு வச்சுதான் நிறைய பேர் ஆரம்பிப்பாங்க.

அப்புறம் கிரைண்டர் மேல கொட்டை போட்டு வச்சிருக்குற டப்பா. அதோட சுவர்ல பழுப்பா எண்ணெய் அப்பியிருந்தா அந்த எண்ணெய் காறிப் போய் புதுக் கொட்டைக்கும் அந்த வாசனைய ஏத்தும். கடைக்குள்ள நுழையும்போதே காபி மணம் வரணும், சிக்கு வாசனை வரக் கூடாது.

வறுத்த தேதி என்னன்னு கேளுங்க. இது தப்பான கேள்வியே இல்ல, நல்ல பாரிஸ்டாவுக்கு இதக் கேட்டா முகம் மலரும். வறுத்த கொட்டைலேர்ந்து கார்பன் டை ஆக்சைடு பல நாள் வெளிய வந்துக்கிட்டே இருக்கும், நேத்து வறுத்தத இன்னைக்கு எஸ்பிரெஸோ போட்டா நுரையா பொங்கும், ருசி கூர்மையா முரட்டுத்தனமா இருக்கும். ஒரு வாரம் மாதிரி ஆறவிட்டா நல்லா வரும், ரொம்ப மாசம் ஆயிட்டா மணம் போயிடும்.

எஸ்பிரெஸோ ரொம்ப புளிக்குது, இது இப்படித்தான் இருக்குமா?

ரெண்டு விதமான புளிப்பு இருக்கு. லேசா வறுத்த கொட்டைல பழத்துல இருக்குற மாதிரி ஒரு புளிப்பு இருக்கும், கூடவே இனிப்பும் தெரியும், குடிச்ச பிறகு வாய் நல்லாருக்கும். அது வேணும்னே வச்சது. இன்னொண்ணு, நாக்கு ஓரத்துல சுருக்குன்னு ஏறி, தண்ணியா, உப்புக் கலந்த மாதிரி இருக்குறது. அது தண்ணி தூள் வழியா ரொம்ப வேகமா ஓடிட்டதால ருசி முழுசா இறங்கலைன்னு அர்த்தம். தூள இன்னும் நைசா அரைச்சா சரியாகும். நேரெதிரா தொண்டை வரைக்கும் கசந்து, வாய் வறண்டு போச்சுன்னா தேவைக்கு மேல இறங்கிடுச்சு, கொஞ்சம் கொரகொரப்பா அரைக்கணும். இந்த ரெண்டு வார்த்தைய, புளிக்குது இல்ல கசக்குது, சொன்னாலே பாரிஸ்டாவுக்கு எந்தப் பக்கம் திருகணும்னு தெரிஞ்சிடும். வெறுமனே நல்லால்லன்னு சொன்னா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது.

எஸ்பிரெஸோ வந்த உடனே ஸ்பூனால ஒரு கலக்கு கலக்குங்க, அடியில கெட்டியாவும் மேல லேசாவும்தான் இருக்கும்.

மேல பொன் நிறத்துல திக்கா நுரை இருந்தா நல்ல காபின்னு சொல்றாங்களே?

அத வச்சு மட்டும் சொல்ல முடியாது. அந்த நுரை, க்ரீமான்னு சொல்லுவாங்க, அழுத்தத்துல கரைஞ்ச வாயுவும் எண்ணெயும் சேர்ந்து வர்றது. 1938ல இத்தாலில அகில்லே காஜியா பேட்டன்ட் எடுத்து, பிறகு 1940களோட கடைசில வந்த கைப்பிடி மெஷின்லதான் இது இப்ப நாம பாக்குற மாதிரி வர ஆரம்பிச்சது, அதுக்கு முன்னாடி இருந்த ஆவி மெஷின்ல அவ்வளவு அழுத்தம் கிடையாது. ரொபஸ்டாங்கிற காபிக் கொட்டை இனத்த கலந்தா நுரை இன்னும் தடிமனா வரும், ஆனா ருசி கரடுமுரடா இருக்கலாம். நுரையே இல்லாம வெளிறிப் போயிருந்தா கொட்டை பழசுன்னு சந்தேகப்படலாம், அவ்வளவுதான்.

நல்லா கொதிக்கக் கொதிக்க கேட்டேன், தரமாட்டேங்குறாங்க. ஏன்?

பாலுக்காகத்தான். 55லேர்ந்து 65 டிகிரி வரைக்கும் சூடாக்கின பால்ல இனிப்பு நல்லா தெரியும், நுரையும் நைசா இருக்கும். 70 தாண்டினா பால்ல இருக்குற புரதம் உடைஞ்சு காய்ச்சின பால் வாசனை தூக்கிடும், நுரை கொரகொரன்னு ஆயிடும். நீங்க வற்புறுத்தினா தருவாங்க, உங்க காபி உங்க இஷ்டம்தான், ஆனா முதல் தடவை அவங்க தர்ற சூட்டுல ஒரு வாய் குடிச்சுப் பாருங்க.

இன்னொரு விஷயத்த இங்க சீரியஸாவே சொல்லணும். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016ல, 65 டிகிரிக்கு மேல இருக்குற ரொம்ப சூடான பானங்கள் உணவுக்குழாய் புற்றுநோய்க்கு காரணமா இருக்க வாய்ப்பு இருக்குன்னு வகைப்படுத்திச்சு. காபிங்கிறதால கிடையாது, சூடுதான் பிரச்சனை, காபிய அப்படி சொல்ல ஆதாரம் போதாதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க. அதனால கறுப்புக் காபியையும் சில நிமிஷம் ஆறவிடுங்க. ஆறும்போதுதான் ருசி ஒவ்வொண்ணா வெளிய வரும், வாய் சுடும்போது எதுவும் தெரியாது.

வெறும் வயித்துல போய் குடிக்கலாமா? காலைல மாத்திரை வேற போடுறேன்.

வயித்தெரிச்சல், நெஞ்செரிச்சல் இல்லாதவங்க நிறைய பேர் வெறும் வயித்துல குடிச்சுட்டு நல்லாத்தான் இருக்காங்க. காபி வயித்துல அமிலத்த தூண்டும், அதனால ஏற்கனவே தொந்தரவு இருக்குறவங்க ஏதாவது சாப்பிட்டுட்டு போறது நல்லது.

மாத்திரை விஷயம்தான் முக்கியம், இத நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல. தைராய்டுக்கு போடுற லெவோதைராக்சின் மாத்திரைய காபியோட சேர்த்துப் போட்டாலோ, போட்ட உடனே காபி குடிச்சாலோ மருந்து உடம்புல சேர்றது குறையும், குறைஞ்சது அரை மணி நேரமாவது, முடிஞ்சா ஒரு மணி நேரம் இடைவெளி விடணும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இடைவெளி வேணும், காபில இருக்குற பொருள்கள் இரும்பு உடம்புல சேர்றத குறைக்கும். காலைல வீட்டுல மாத்திரைய போட்டுட்டு நேரா கஃபேக்கு நடந்து போறவங்க இந்த இடைவெளிய கணக்கு பண்ணிக்கோங்க. உங்க மருந்துக்கு என்னன்னு டாக்டர்கிட்டயோ மருந்துக்கடைலயோ ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

ஒரு நாளைக்கு எவ்வளவு வரைக்கும் குடிக்கலாம்? ராத்திரி தூக்கம் கெடுமா?

ஆரோக்கியமா இருக்குற பெரியவங்களுக்கு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபின் வரைக்கும் பரவாயில்லைன்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2015ல சொல்லிருக்கு, கர்ப்பமா இருக்குறவங்களுக்கு 200. ஒரு எஸ்பிரெஸோ ஷாட்ல சுமாரா 60லேர்ந்து 80 மில்லிகிராம் இருக்கும், பெரிய கப் வடிச்ச காபில நூறு சொச்சம் வரும். பெரிய சைஸ் லாட்டேல ரெண்டு ஷாட் போடுறது சகஜம், அதனால எத்தனை ஷாட்னு கேட்டுக்கோங்க, குறிப்பா கர்ப்பிணிங்க.

காஃபின் ரத்தத்துல பாதியா குறைய சராசரியா 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் ரொம்ப மாறும், கர்ப்ப காலத்துல இன்னும் நேரமாகும், கருத்தடை மாத்திரை எடுக்குறவங்களுக்கும் அப்படித்தான். காலைல குடிக்கிறது பெரும்பாலும் தூக்கத்த தொடாது. புதுக் கடை பிடிச்சுப் போய் சாயங்காலமும் எட்டிப் பாக்க ஆரம்பிச்சாத்தான் சிக்கல்.

டார்க் ரோஸ்ட், அதாவது கறுக்க வறுத்த கொட்டைன்னா காஃபின் ஜாஸ்தியா?

இல்ல. வறுக்கும்போது காஃபின் அவ்வளவா மாறாது, கசப்பு கூடுறதால ஸ்ட்ராங்கா தெரியுது. காஃபின மாத்துறது கொட்டையோட இனம்தான், ரொபஸ்டால அராபிகாவ விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு இருக்கும்.

டீகாஃப்னா காஃபின் சுத்தமா இருக்காதா?

கொஞ்சம் இருக்கும், கப்புக்கு சில மில்லிகிராம். டாக்டர் அறவே கூடாதுன்னு சொல்லியிருந்தா இதையும் அவர்கிட்ட சொல்லிடுங்க. அப்புறம் கடைல டீகாஃப் ஆர்டர் கம்மியா வரும், அதனால அந்தக் கொட்டை எப்ப திறந்ததுன்னு கேட்டுட்டு வாங்குறது நல்லது.

பால் ஒத்துக்காது, ஓட்ஸ் பால் கேட்டா போதுமா?

லாக்டோஸ், அதாவது பால்ல இருக்குற சர்க்கரை, செரிக்காதது மட்டும்னா போதும். பால் அலர்ஜின்னா போதாது, ஏன்னா ஒரே ஆவிக் குழாய், ஒரே ஜக்கு எல்லாப் பாலுக்கும் ஓடுது. ஆர்டர் பண்ணும்போதே அலர்ஜின்னு அந்த வார்த்தையையே சொல்லுங்க, பிடிக்காதுன்னு சொல்லாதீங்க. பாதாம், சோயா அலர்ஜி இருக்குறவங்களும் இதே மாதிரி கேக்கணும். தயங்கித் தயங்கி பதில் சொன்னாங்கன்னா அன்னைக்கு கறுப்புக் காபியோட நிறுத்திக்கோங்க.

லேப்டாப் எடுத்துட்டுப் போய் வேலை பாக்கலாமா?

கேட்டுட்டு உக்காருங்க. புதுக் கடைக்கு காலை நேரத்துல ஒவ்வொரு நாற்காலியும் முக்கியம், ஒரு கப் வாங்கிட்டு நாலு பேர் மேஜைல மதியம் வரைக்கும் உக்கார்ந்தா வர்றவங்க திரும்பிப் போவாங்க, அது அந்தக் கடைய நேரா பாதிக்கும். தனி ஆளா இருந்தா சின்ன மேஜை எடுங்க, நேரமானா இன்னொண்ணு வாங்குங்க, கூட்டம் வந்தா எழுந்து கொடுங்க. கிரைண்டர் பக்கமும் கதவு பக்கமும் உக்காராதீங்க, ஒண்ணுல சத்தம், இன்னொண்ணுல ஆள் நடமாட்டம். மீட்டிங்னா வெளிய போய் பேசுங்க.

தனியா போக ஒரு மாதிரி கூச்சமா இருக்கு.

காலை காபிக்கு தனியா வர்றவங்கதான் எங்கயும் அதிகம், யாரும் உங்கள கவனிக்க மாட்டாங்க. முதல் நாள் கவுன்டர் ஓரத்துல உக்காருங்க, இன்னைக்கு என்ன கொட்டைன்னு ஒரு கேள்வி கேளுங்க, மீதிய அவங்களே பேசுவாங்க. ரெண்டு மூணு தடவை போனா உங்க ஆர்டர் அவங்களுக்கு ஞாபகம் இருக்கும், பக்கத்துல வழக்கமா வர்றவங்க தலையாட்டுவாங்க. அக்கம்பக்கத்துல இருந்தும் பேசாத ஆளுங்க ஒரே இடத்துல தினம் உக்கார்ந்து பேச ஆரம்பிக்கிறத நான் பாத்திருக்கேன், கஃபே தெருவுக்கு வர்றதுல எனக்கு ரொம்ப சந்தோஷம் தர்றது அதுதான்.

காபி பிடிக்கலைன்னா சொல்லலாமா, இல்ல ரிவ்யூ போட்டா போதுமா?

நேர்ல சொல்லுங்க, அதுவும் ரெண்டு வாய் குடிச்ச உடனே. கப்ப காலி பண்ணிட்டு சொன்னா அவங்களாலயும் ருசி பார்க்க முடியாது. சத்தமா வேணாம், கவுன்டருக்குப் போய் இது கொஞ்சம் கசக்குது, ஒரு தடவை பாக்குறீங்களான்னு கேட்டா போதும், ஒழுங்கான கடை மறுபேச்சு இல்லாம வேற போட்டுத் தரும். பாட்டு சத்தம் ஜாஸ்தி, நாற்காலி ஆடுது, டாய்லெட்ல சோப்பு இல்ல, இதெல்லாமும் சொல்லுங்க, முதல் மாசத்துல சொன்னா மாத்துவாங்க, ஒரு வருஷம் போனா அதுவே பழக்கமாயிடும்.

ரிவ்யூ போடுறதுன்னா வேற வேற நேரத்துல சில தடவை போய்ட்டு போடுங்க. திறந்த முதல் வாரத்துல வர்ற ஒரு ஸ்டார் ரிவ்யூ ரொம்ப நாள் மேல தெரிஞ்சுக்கிட்டே இருக்கும், அந்தக் குறை சரியாகி எவ்வளவு நாளானாலும். அதே மாதிரி அஞ்சு ஸ்டார் சூப்பர்னு ஒரு வார்த்தை போட்டாலும் யாருக்கும் உபயோகம் இல்ல. என்ன குடிச்சீங்க, எப்ப போனீங்க, எப்படி இருந்துச்சு, இத எழுதுங்க. சுத்தம் சரியில்லைன்னா மட்டும் காத்திருக்க வேணாம், அன்னைக்கே சொல்லுங்க.

அங்கயே கொட்டை வாங்கி வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா?

அங்க குடிச்சு பிடிச்சிருந்தா கண்டிப்பா. சின்ன பாக்கெட்டா வாங்குங்க, வறுத்த தேதி பாருங்க. வீட்டுல கிரைண்டர் இல்லைன்னா அங்கயே அரைச்சுத் தருவாங்க, ஆனா எதுல போடப் போறீங்கன்னு சொல்லணும், பேப்பர்ல வடிக்கிறதுக்கு ஒரு அளவு, எஸ்பிரெஸோ மெஷினுக்கு வேற அளவு, தூள வெந்நீர்ல ஊற வச்சு சல்லடையால அழுத்துற பிரெஞ்சு பிரஸ்ஸுக்கு இன்னும் பெரிசு. கொழுப்பு விஷயத்துல டாக்டர் எச்சரிச்சிருந்தா பேப்பர்ல வடிக்கிறத எடுத்துக்கோங்க, கெட்ட கொழுப்ப ஏத்துற கஃபெஸ்டால்ங்கிற பொருள பேப்பர் பெரும்பாலும் பிடிச்சு வச்சிடும். அரைச்ச தூள் சீக்கிரம் மணம் இழக்கும், காத்து புகாத டப்பால போட்டு வெளிச்சமும் சூடும் படாத இடத்துல வைங்க, தினம் எடுத்து எடுத்து வைக்கிற டப்பாவ ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க, ஈரமும் மத்த வாசனையும் ஏறிடும்.